ஆணியில் தொங்கிய மூடி

நாம் தின்
8 செப்டம்பர் 1996

தொவா அவர்களுக்கு,

இங்கே நலம். நீங்களும் கொழுந்தனாரும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முறைப்படி பார்த்தால் நான் மூத்த மருமகள், நீங்கள் இளைய மருமகள், உங்களை நான் தங்கச்சி என்றுதான் எழுத வேண்டும். என்னைவிடப் பதினாலு வயது மூத்த ஒருவரை அப்படி எழுதக் கை வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். குறை நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மூய் அத்தை வந்திருந்தார். காலணியைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“சந்திரக் கணக்குல பத்தாம் மாசம் பன்னெண்டாம் நாள் வருது, ஞாபகம் இருக்கா? இந்த வருஷமும் என் தம்பி திதிக்கு அரிசி கழுவின தண்ணியத்தான் வைக்கப் போறியா?”

“இல்லைங்க அத்தை.”

“வச்சேன்னு வையி, அகப்பைய தொவா கையிலேயே குடுத்துடு. அவ புருஷன் வின்னை நான் தெற்கேருந்து திரும்பி வரச் சொல்றேன். மூத்த மருமகள்னா மூக்கும் முழியும் இருந்தா மட்டும் போதாதுடி.”

என் வீட்டுக்காரர் தாக் பக்கத்து அறையில்தான் இருந்தார். இருபது வருடம் ராணுவத்தில் இருந்தவர், அத்தை குரல் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். அத்தை போகிற வரைக்கும் அது கிடைக்கவில்லை.

சென்ற வருடம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கல்யாணமாகி மூன்று வாரம். நாற்பது பேர் சாப்பாடு. மாமாவின் படம் இருக்கிற பீடத்துக்கு வைக்கிற பன்றித்தோல் சூப்பு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும் என்று நீங்களே சொன்னீர்கள். காலையில் நான் பார்த்தபோது சாறு தெளிவாகத்தான் இருந்தது. பரிமாறும்போது பானை முழுக்கப் பால். அத்தை கிண்ணத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். நீங்கள் வாசற்படியில் நின்றுகொண்டு, “பாவம், புதுசு” என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தையை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

மார்ச்சில் நீங்கள் தெற்கே கிளம்பியபோது சந்தில் வாத்து விற்கிறவளிடம்கூட சொல்லிக்கொண்டு போனீர்கள். என்னிடம் சொல்லவில்லை. போகட்டும்.

எனக்குச் சமையல் கற்றுத்தர வேண்டாம். எனக்கு வேண்டியது அளவுகள். எந்த எலும்பு, ஒரு கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம், உப்பு எப்போது. நூல் ஆலையின் சாயப்பகுதியில் நாள் முழுக்க நான் செய்வது எது தெளிந்தது எது கலங்கியது என்று பார்ப்பதுதான். அளவு தெரிந்தால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். அகப்பையை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

மியென்


பியென் ஹொவா
21 செப்டம்பர் 1996

மரியாதைக்குரிய மூத்த மருமகள் அவர்களுக்கு,

இருபத்தேழு வயது அக்காவுக்கு நாற்பத்தொரு வயதுத் தங்கச்சி எழுதுகிற கடிதம். கை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் பேனாவுக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை, எத்தனை அக்கா வேண்டுமானாலும் போடும்.

அளவு கேட்டிருக்கிறீர்கள்! சாயப்பட்டறையில் வேலை பார்த்தால் சாறும் சாயமாகத்தான் தெரியும் போலிருக்கிறது. பதினாறு வருடம் அந்த வீட்டு அடுப்படியில் நின்றேன், ஒரு நாளும் எதையும் நிறுத்துப் போட்டதில்லை. ஆனாலும் மூத்தவர் கேட்டுவிட்டீர்கள். இளையவள் சொல்ல வேண்டியதுதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாறு என்று ஒரு சரக்கு கிடையாது. உங்கள் வீட்டில் தினமும் கொதிக்கிற வள்ளைக்கீரைத் தண்ணீர் இருக்கிறதே, எலுமிச்சை பிழிந்து சோற்றோடு குடிக்கிறோமே, அதுவும் சாறுதான். ஐந்து நிமிட வேலை, அடுத்த வேளைக்குத் தாங்காது. நண்டை இடித்துக் கரைத்து வடிகட்டுகிற தண்ணீர் இன்னொன்று. அதைக் கிளறினால் கெட்டது, சதை திரண்டு மேலே வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மடத்துப் பிக்குணிகள் முள்ளங்கி, சோளக்கட்டை, கரும்புத்துண்டு, காளான் போட்டு இறக்குகிற சாற்றைக் குடித்துப் பாருங்கள், எலும்பு இல்லை என்று சத்தியம் செய்தால்தான் நம்புவீர்கள்.

எலும்பும் இறைச்சியும் ஒன்றல்ல. இறைச்சி சாற்றுக்கு வாசனையும் ருசியும் தரும், சீக்கிரம் தந்துவிட்டு ஓய்ந்துவிடும். எலும்பு மெதுவாகத்தான் தரும், ஆனால் அதுதான் உடம்பு. ஆறினால் கரண்டியில் நடுங்குகிறதா, எலும்பு தன் வேலையைச் செய்துவிட்டது. வெறும் எலும்பில் இறக்கினால் கனமாக இருக்கும், பேசாது. வெறும் கோழியில் இறக்கினால் பேசிக்கொண்டே இருக்கும், நிற்காது. திதி சூப்புக்கு இரண்டும் வேண்டும். பன்றியின் காலெலும்பில் ஒரு பானை, பீடத்துக்கு அவிக்கிற முழுக்கோழியின் தண்ணீர் ஒரு பானை. கடைசியில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

எலும்பைக் கழுவி, ஒரு கொதி விட்டு, அந்த முதல் தண்ணீரைத் தயங்காமல் கொட்டுங்கள். மறுபடி பச்சைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வெங்காயமும் இஞ்சியும் தணலில் கருக்கி, கருகலைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். காய்ந்த இறால் ஒரு கைப்பிடி. காய்ந்த கடற்புழு கிடைத்தால் வறுத்து நான்கைந்து போடுங்கள், நம் வடக்கத்திக்காரர்களுக்கு அதுதான் சர்க்கரை. மீன் சாஸ் கடைசியில். அது கொதித்தால் புளிக்கும்.

இங்கத்திய சமையலைக் கேட்காதீர்கள். எல்லாவற்றிலும் கற்கண்டு. பக்கத்து வீட்டுக்காரி புதன்கிழமை ஒரு கிண்ணம் கொடுத்தாள். “எப்படி இருக்கு அக்கா?” என்று கேட்டாள். “பாயசம் நல்லா இருக்கு” என்றேன். மூன்று நாளாகப் பேசவில்லை. வின் மட்டும் இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். செருப்பு ஆலைக்கு வந்து ஆறு மாதத்தில் நாக்கையே மாற்றிக்கொண்டுவிட்டார்.

ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டர். போதுமா?

தொவா


நாம் தின்
2 அக்டோபர் 1996

தொவா அவர்களுக்கு,

நன்றி. ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டர் சரிதான். நான் இரண்டரையும் நான்கும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரு வாரமாக நம் வீட்டில் சாறு தவிர வேறு எதுவும் இல்லை. தாக் காலையில் சாறு, மாலையில் சாறு என்று குடித்து, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார். உள்பக்கம் அல்ல, வெளிப்பக்கம். “ராணுவத்துல இருந்தா ஒரு நாள் லீவாவது கிடைக்கும்” என்று முனகுகிறார். முனகிக்கொண்டே எலும்பை உறிஞ்சுகிறார்.

கீரைத் தண்ணீர் முதல் நாளே வந்துவிட்டது. நண்டில் ஒரு முறை தோற்றேன், கிளறிவிட்டேன். பிக்குணிகளின் சாறு எனக்குப் பிடித்தது, அதில் சோளக்கட்டையைவிடக் காளான்தான் அதிகம் வேலை செய்கிறது என்பது என் கணக்கு. எலும்பு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. இதை எழுத எனக்கு எளிதாக இல்லை, இருந்தாலும் சரி என்றால் சரி.

இப்போது முக்கியமான பரிசோதனை. சாயப்பகுதியில் தண்ணீரின் தெளிவைப் பார்க்க நாங்கள் கண்ணாடிக் குவளைக்கு அடியில் அச்சடித்த தாளை வைப்போம். அதையே இங்கே செய்தேன். ஒரே எலும்பு, ஒரே தண்ணீர், மூன்று பானை.

முதல் பானை, திறந்த பானை, மெதுவான தீ, நுரை எடுத்துக்கொண்டே இருந்தேன். செய்தித்தாளின் மரண அறிவிப்பு வரை படிக்க முடிந்தது. இரண்டாவது, திறந்த பானை, ஆனால் துள்ளத் துள்ளக் கொதித்தது. தலைப்பு மட்டும் தெரிந்தது. மூன்றாவது பானைக்கு மூடி போட்டேன். முக்கால் மணி நேரம். கொழுப்பும் தண்ணீரும் உள்ளே அடித்துக்கொண்டு ஒன்றாகிவிட்டன. குவளைக்கு அடியில் தாள் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அந்த மூன்றாவது குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது சென்ற வருடத்துச் சாறு. அதே நிறம், அதே மேல்படலம்.

நான் அன்று மூடி போடவில்லை. இது எனக்கு நிச்சயம். மூடியைக் கழுவி அடுப்படிச் சுவரின் ஆணியில் மாட்டியது நான்தான், விடியும் முன்பே. பிறகு பீடத்தில் பழம் அடுக்கவும் கோழியின் அலகில் ரோஜா செருகவும் முன்னறைக்குப் போனேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்தபோது மூடி அதே ஆணியில்தான் தொங்கியது. ஆனால் அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சூடாக, என் மணிக்கட்டில் ஒரு துளி விழுந்தது. அன்று இருந்த பதற்றத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டேன். பத்து மாதம் கழித்து இந்த மூன்றாம் பானையின் மூடியைத் தூக்கும்போதுதான் அந்தத் துளி ஞாபகம் வந்தது.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி. அந்த நாற்பது நிமிடம் அடுப்படியில் யார் இருந்தார்கள்?

மியென்


பியென் ஹொவா
13 அக்டோபர் 1996

மியெனுக்கு,

இந்த முறை மரியாதையெல்லாம் இல்லை. நேராகவே எழுதுகிறேன்.

நீ வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை, போலீஸ்காரி மாதிரி கேள்வி கேட்கிறாய். அடுப்படியில் யார் இருந்தார்களா? யார் இல்லை என்று கேள். கீரை ஆய்ந்தவர்கள் நாலு பேர், தண்ணீர் தூக்கியவர்கள் இரண்டு பேர், குழந்தைக்குப் பால் காய்ச்ச வந்தவள் ஒருத்தி. எல்லோருக்கும் கடிதம் எழுது. குவளையும் செய்தித்தாளும் சேர்த்து அனுப்பு.

உன் அடுப்பை நீதான் பார்த்திருக்க வேண்டும். துளைக்கரி அடுப்பின் காற்றுவாய் அன்று இரண்டு விரல் திறந்து கிடந்தது, தீ எகிறினால் யார் வைத்த பானையும் கலங்கத்தான் செய்யும், மூடி எதற்கு? சாறு வைத்த பிறகு சாற்றைவிட்டு எவளாவது பூ அலங்காரத்துக்குப் போவாளா? நான் பதினாறு வருடத்தில் ஒரு முறைகூடப் போனதில்லை. பழம் அடுக்க ஆயிரம் பேர் இருப்பார்கள்.

உனக்கு ஒன்று தெரியாது. தெரிந்துகொள்ள நீ அங்கே இல்லை. மாமா கடைசி ஐந்து மாதம் சோறு சாப்பிடவில்லை. தொண்டையில் எதுவும் இறங்காது. சாறு மட்டும்தான் இறங்கும். தினமும் நான்தான் வைத்தேன், ஒரு நாள் கோழி, ஒரு நாள் எலும்பு. அடியில் நீல மீன் வரைந்த அந்தக் கிண்ணம் இருக்கிறதே, அதில்தான் ஊற்றித் தருவேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். “மீன் தெரியுதும்மா, குடிக்கலாம்” என்பார். என் சாற்றில் மீன் தெரியாத நாள் ஒன்றுகூட இல்லை. செத்துப்போன அன்றைக்குக் காலையிலும் மூன்று கரண்டி குடித்தார். உன் வீட்டுக்காரர் அப்போது எல்லையில் எங்கேயோ இருந்தார், தகவல் போய்ச் சேரவே ஒன்பது நாள்.

பிறகு ஒரு நாள் உன் வீட்டுக்காரர் ராணுவத்தை விட்டு வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், மூய் அத்தை என் கையிலிருந்த அகப்பையை வாங்கி உன் கையில் கொடுத்தார். முறை அதுதான், எனக்கும் தெரியும். கையை ஒரு முறை துடைத்துக்கொள்ளக்கூட யாரும் நேரம் தரவில்லை. மாமாவுக்கு எந்த உப்பு பிடிக்கும் என்று உனக்குத் தெரியுமா? நீ அவரைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய்.

சாறு கலங்கினால் முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து ஊற்றி, மெதுவாகச் சூடேற்று. அழுக்கெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும், துணியில் வடிகட்டிவிடு. எதற்கும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். என்னிடம் இனிமேல் கேள்வி கேட்காதே.

தொவா


நாம் தின்
22 அக்டோபர் 1996

தொவா அவர்களுக்கு,

மூன்றே வரி.

காற்றுவாயை நான் அன்று காலை தகரம் வைத்து அடைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோதும் அது அடைத்துத்தான் இருந்தது. இரண்டு விரல் திறந்து கிடந்தது என்று திறந்தவருக்கும் மறுபடி அடைத்தவருக்கும் மட்டும்தான் தெரியும், நான் என் கடிதத்தில் அடுப்பைப் பற்றி எழுதவே இல்லை.

மாமாவுக்கு எந்த உப்பு பிடிக்கும்?

மியென்


பியென் ஹொவா
3 நவம்பர் 1996

மியெனுக்கு,

ஒரு வாரமாக உன் கடிதத்தை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். ஒவ்வொரு வேளையும் அரிசி எடுக்கும்போது கண்ணில் படட்டும் என்றுதான் வைத்தேன். பட்டது. ஒரு வேளையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

நான்தான்.

நீ முன்னறைக்குப் போனதும் அடுப்படிக்கு வந்தேன். கெடுக்க வேண்டும் என்று வரவில்லை, நம்பினால் நம்பு. எட்டிப் பார்க்க வந்தேன். சாறு தெளிந்து கிடந்தது. அவ்வளவு தெளிவாக. மூன்று வாரத்துக்காரி, என் உதவி இல்லாமல், முதல் முறையிலேயே. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று கொதித்தது. நான் பதினாறு வருடம் செய்ததெல்லாம் யாருக்கும் வந்துவிடும் வேலைதானா என்று தோன்றியது. தகரத்தை எடுத்தேன், மூடியைப் போட்டேன். பக்கத்திலேயே நின்று வெங்காயத்தாள் நறுக்கினேன். கீரை ஆய்கிறவர்கள் கொல்லையில் இருந்தார்கள், அடுப்படியில் நான் மட்டும்தான். உன் காலடி கேட்கும்போது மூடி ஆணியில் இருந்தது, தகரம் வாயில் இருந்தது.

அத்தை கிண்ணத்தைத் தூக்கிக் காட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கை விரல் எண்ணுகிற நேரம். பிறகு அதே கிண்ணம் பீடத்துக்குப் போனது. நீல மீன் தெரியாத கிண்ணத்தை மாமா முன்னால் வைத்தார்கள். அது உன் சாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமாவுக்குத் தெரியும், அது என் சாறு. ஐந்து மாதம் ஒரு நாளும் தவறாமல் மீனைக் காட்டியவள், அவர் போன பிறகு மறைத்துவிட்டேன். வின்னுக்குத் தெற்கே வேலை கிடைத்தபோது முதலில் மூட்டை கட்டியது நான்தான். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனது திமிரால் இல்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாங்கள் திதிக்கு வர முடியாது, வின்னுக்கு விடுப்பு இல்லை. அதனால் இதோடு தனியாக இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதில் நடந்ததை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். திதி அன்று எல்லோரும் உட்கார்ந்த பிறகு, அத்தை கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால், சத்தமாகப் படி. நடுவில் நிறுத்தாதே. அந்த நாற்பது பேருக்கும் தெரியட்டும். இதற்கு மேல் நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

மாமாவுக்கு உப்பே கொஞ்சம்தான். இறக்கும்போது மீன் சாஸ் இரண்டு கரண்டி, நல்ல மிளகு இரண்டு சிட்டிகை. அவ்வளவுதான். கடற்புழு பிடிக்காது, நாற்றம் என்பார். முதல் கடிதத்தில் வேண்டுமென்றேதான் அதைப் போடச் சொன்னேன். அதையும் தூக்கி எறி.

தொவா


நாம் தின்
24 நவம்பர் 1996

அக்காவுக்கு,

முறை தெரிந்தவர்கள் யாராவது இந்தக் கடிதத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பேனா இந்த முறை தானாகவே எழுதிவிட்டது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் நல்லவளாக இருக்கவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு, இன்னும் இரண்டு வாரமா என்று நாட்காட்டியைப் பார்த்தேன். அத்தை முகம் எப்படிப் போகும் என்று கற்பனை செய்து பார்த்தேன். தாக் கேட்டார், “எதுக்குடி தனியா சிரிக்கிற?” சொல்லவில்லை. உங்கள் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் திதி அன்று அடுப்படிக்கே போனேன். கடற்புழுவைப் பற்றி மட்டும் அவரிடம் சொன்னேன். நூறு கிராம் வாங்க இவர் ஹாய் ஃபோங் வரை போய் வந்திருந்தார். முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு பானை. எலும்பு ஒன்றில், கோழி ஒன்றில். பழம் அடுக்க நாத்தனாரின் பெண்களை அனுப்பிவிட்டேன். கோழிக்கு ரோஜா வைக்கத் தாக்கை அனுப்பினேன், தலைகீழாகச் செருகிவிட்டு வந்தார். நான் அடுப்பைவிட்டு நகரவே இல்லை. கடைசியில் இரண்டு சாற்றையும் சேர்த்து, இரண்டு கரண்டி மீன் சாஸ், இரண்டு சிட்டிகை மிளகு. குவளையும் செய்தித்தாளும் எடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். முதல் கிண்ணத்தை, அந்த நீல மீன் கிண்ணத்தை, பீடத்துக்குக் கொண்டுபோகும் முன் மூய் அத்தை கையை நீட்டித் தடுத்தார். வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்தார். அத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கிண்ணத்தைத் தானே கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்து, ஊதுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

“மீன் தெரியுது” என்றார். “இது தொவா கைமணம் மாதிரில்ல இருக்கு?”

“என் கைதாங்க அத்தை. சொல்லிக்குடுத்தது அவங்க.”

“அப்போ போன வருஷம் என்னடி ஆச்சு? இவ்வளவு தெரிஞ்சவ, கவனக்குறைவா?”

அதுதான் நேரம். நீங்கள் சொன்ன நேரம். என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது, தாளின் மடிப்பு விரலில் பட்டது. நாற்பத்து மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். சென்ற வருடம் சிரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அக்கா, எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

ஆனால் பீடத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவருக்கு ஐந்து மாதம் ஊட்டியவளைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் படிப்பது? எனக்கு வேண்டியது என் சாறு தெளிவாக இருப்பது. அது தெளிவாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு தாள் எதற்கு?

“ஆமாங்க அத்தை” என்றேன். “மூடி விஷயத்துல கவனம் பத்தல.”

“இனிமே பாத்துக்க.”

“பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான். அத்தை மூன்று கிண்ணம் குடித்தார். போகும்போது எலும்பு வேறு கேட்டு வாங்கிக்கொண்டு போனார், நாய்க்கு என்று சொன்னார், அவர் வீட்டில் நாய் இல்லை. அகப்பையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. தாக் மட்டும் எல்லோரும் போன பிறகு, “நீ ஏன் பையைப் பிடிச்சிக்கிட்டே நின்ன?” என்று கேட்டார். வயிற்று வலி என்றேன்.

சாயங்காலம் முற்றத்தில் மாமாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று காகிதப் பணமும் காகித உடுப்பும் எரித்தோம். காகிதக் குதிரை, காகிதச் சைக்கிள், எல்லாம் வழக்கம்போல. கடைசியில் மற்றவர்கள் உள்ளே போனதும் உங்கள் தாளைப் பிரித்து, நெருப்பில் போட்டேன். படிக்க வேண்டியவர் படித்திருப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்குச் சின்ன எழுத்துத் தெரியாது என்று தாக் சொல்லியிருக்கிறார், அதனால் கடைத்தெருவில் காகிதக் கண்ணாடி ஒன்று முன்னாலேயே வாங்கி வைத்திருந்தேன். அதையும் சேர்த்துத்தான் போட்டேன். கடிதம் எரிவதற்கு முன்னால் கண்ணாடி பற்றிக்கொண்டது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கடைத்தெருவில் அந்தக் கண்ணாடியை வாங்கும்போதே நான் முடிவு செய்துவிட்டிருந்தேன் என்று. அது திதிக்கு நான்கு நாள் முன்னால்.

அடுத்த வருடம் வாருங்கள். விடுப்பு இல்லை என்று சொல்லாதீர்கள், கொழுந்தனாருக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் கற்கண்டு போட்டுத் தருகிறேன். அகப்பையை நான்தான் பிடிப்பேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழம் அடுக்க நான் முன்னறைக்குப் போக வேண்டியிருக்கும். போகும்போது மூடியை ஆணியில் மாட்ட மாட்டேன். உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவேன்.

மியென்